கம்மி

இரண்டாயிரத்து நானூற்று எழுபது ரூபாய். நானும் ரீத்தாவும் சேர்ந்து பொன்னுரங்கம் மேஸ்திரிக்குத் தர வேண்டிய பாக்கி அது. தொண்ணூற்று ஏழாம் வருஷம் தை மாதம், கல்வராயன் மலை அடிவாரத்தில் கரும்பு வெட்டப் போன எங்கள் ஆட்கள் எல்லாருமே அவரிடம் முன்பணம் வாங்கியவர்கள்தான். மற்றவர்கள் கூரை மாற்ற வாங்கினார்கள், மாடு பிடிக்க வாங்கினார்கள். நாங்கள் எதற்கு வாங்கினோம் என்பது மேஸ்திரிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டார்.

கரும்பு வெட்டில் தனி ஆளுக்கு வேலை கிடையாது. சோடிக்குத்தான் வேலை. ஒருவர் அடியோடு வெட்டிப் போட வேண்டும். இன்னொருவர் காய்ந்த சோகைத் தழையைக் கழித்து, நுனியை அரிந்து, கட்டாகக் கட்ட வேண்டும். கூலியும் சோடிக்கு, முன்பணமும் சோடிக்கு. ஒருவர் படுத்துவிட்டால் முழுப் பாக்கியும் மற்றவர் தலையில் விழும். அதனால் புருஷன் பொண்டாட்டியாகத்தான் வருவார்கள். எங்கள் கூட்டத்தில் பதினொரு சோடி. பத்து சோடி அப்படி வந்தவர்கள். பதினொன்றாவது நாங்கள், இரண்டு பெண்பிள்ளைகள். எனக்குப் பதினேழு வயது, ரீத்தாவுக்குப் பதினாறு.

வந்த முதல் நாளே பக்கத்துக் கொட்டகை சாலம்மாள் வாயைத் திறந்துவிட்டாள்.

"உங்க ரெண்டு பேர்ல யாரும்மே புருசன்?"

"நான்தான். இவ பொங்கறதத் தின்னுட்டு இவளையே திட்டிக்கினு இருக்கறேன் பாரு, தெரியல?" என்றாள் ரீத்தா.

கூட்டமே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு வூட்டுக்காரர் என்றே பெயர் ஆகிவிட்டது. மேஸ்திரிகூட, "இன்னா, வூட்டுக்காரர் இன்னிக்கு எத்தினி கட்டு?" என்றுதான் கேட்பார்.

எங்கள் இருவருக்கும் ஊர் நைனார்பாளையம். அவள் ஒன்பதாவது வரைக்கும் படித்தாள். நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை, ஆடு மேய்த்தேன். கடலை பிடுங்கப் போன இடத்தில் ஒட்டிக்கொண்டோம். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது அவளுக்கு ஒரு விளையாட்டு. ஒருமுறை பஸ் போர்டைத் தப்பாகப் படித்துக் காட்டி என்னை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அது கிளம்பின பிறகு பின்னாலேயே ஓடி வந்து கையைத் தட்டித் தட்டி நிறுத்தினாள். நான் இரண்டு நாள் பேசவில்லை. படித்தவர்கள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், நமக்கு எப்படித் தெரியும் என்ற பயம் எனக்கு அன்றைக்கு வந்ததுதான்.

கரும்புக்குப் போவதற்கு முந்தின ஐப்பசியில் ரீத்தா இளைத்துக்கொண்டே போனாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஒரு நாள் வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, நினைவு தப்பிவிட்டது. கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிப் போனோம். அங்கிருந்து பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரி. பதினெட்டு நாள். சக்கரை வியாதி என்றார்கள். கிழவர்களுக்கு வருவதாச்சே என்று அவள் அம்மா இஞ்ஞாசியம்மாள் டாக்டரிடமே வாதாடினாள். சின்ன வயசில் வந்தால் அது வேறு தினுசு, மாத்திரை கேட்காது, உசுரு இருக்கிற வரைக்கும் தினம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் ஒரு வாரம் அங்கே உடன் இருந்தேன். காலையில் நர்சம்மா வந்து, விரலில் குத்தி ரத்தம் எடுத்து, சக்கரை எவ்வளவு என்று சொல்லுவார். முதலில் எல்லாம் ஜாஸ்தி, ஜாஸ்தி என்றார். ஜாஸ்தி என்றால் இஞ்ஞாசியம்மாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். பிறகு ஒரு நாள், "இன்னிக்குக் கம்மி" என்றார். இஞ்ஞாசியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்தாள். மறுநாளும் கம்மி. அதற்கு மறுநாளும் கம்மி. கம்மியாவதுதான் குணமாவது என்று எனக்குப் பதிந்துபோனது.

சோடிக்கு மேஸ்திரி கொடுத்த மூவாயிரமும் அந்த ஆஸ்பத்திரிக்கே போனது. என் பாதியையும் சேர்த்துத்தான். வீட்டில் என் அம்மாவிடம், முன்பணம் பிறகு தருவாராம் என்று பொய் சொன்னேன். மேஸ்திரியிடம் ரீத்தாவுக்குக் காய்ச்சல் வந்து இளைத்துவிட்டாள் என்று பொய் சொன்னேன். நோவுக்காரி என்று தெரிந்தால் அன்றைக்கே சோடியைக் கலைத்து, பணத்தைக் கீழே வை என்பார். வைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

கிளம்பும்போது இஞ்ஞாசியம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கரும்புக் காட்டுக்குப் போறீங்க. ஒரு கணு கூட அவ வாயில படக் கூடாது இருசா. நீ எனக்கு வாக்குக் குடு." கொடுத்தேன்.

ஊசி மருந்து குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். ஒரு சின்னச் சட்டியில் மணலைப் போட்டு, தண்ணீர் தெளித்து, மருந்துப் புட்டியையும் ஊசியையும் ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதற்குள் வைத்தோம். சட்டி இன்னாத்துக்கு என்று சாலம்மாள் கேட்டபோது, அந்தோணியாருக்கு வேண்டுதல், யாரும் தொடக் கூடாது என்றாள் ரீத்தா. சாலம்மாள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள்தான். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நாங்கள் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்போம்.

மூன்று வாரம் அப்படி ஓடியது. கருக்கலில் எழுந்து ரீத்தா தொடையில் ஊசி போட்டுக்கொள்வாள். நான் வாசலில் நின்று யாரும் வராமல் பார்த்துக்கொள்வேன். பிறகு கஞ்சி. பிறகு காடு. சுற்றிலும் எல்லாரும் கரும்பைக் கடித்துக்கொண்டே வேலை செய்வார்கள், குழந்தைகள் வாயில் எந்நேரமும் சக்கை இருக்கும். ரீத்தா மட்டும் கடிக்க மாட்டாள். சாலம்மாள் ஒடித்து நீட்டினால், பல் வலி என்பாள். அவள் கண் எங்கே போகிறது என்று நான் பார்த்துக்கொண்டே வெட்டுவேன்.

அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மில்லிலிருந்து லாரி விடிகிறதற்குள்ளேயே வந்து நின்றுவிட்டது. பன்னிரண்டு மணிக்குள் லோடு ஏறியாக வேண்டும், இல்லையென்றால் வண்டியை வேறு காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மேஸ்திரி கொட்டகை கொட்டகையாகக் குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். ரீத்தா ஊசி போட்டு முடித்திருந்தாள். கஞ்சி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. ஆற வைத்துக் குடித்துவிட்டு வருகிறேன் என்றாள். தூக்குவாளியில் ஊற்றி எடுத்துக்கொள்ளலாம், நடுவில் குடிக்கலாம் என்று நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போனேன். தூக்கை வரப்பு ஓரத்து வேலமரத்தில் மாட்டினோம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்ப நேரமில்லை.

பத்து மணி இருக்கும். நான் வெட்டி முன்னால் போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் கட்டிய கட்டெல்லாம் நெகிழ்ந்து கிடந்தது. ஒரு கட்டு தூக்கும்போதே அவிழ்ந்துவிட்டது. திட்டிக்கொண்டே வந்தேன். அவள் கை வெடவெடவென்று நடுங்கியது. மலைக்காற்று சில்லென்று அடிக்கிறது, அவள் ரவிக்கை பிழிந்துவிடலாம் போல நனைந்திருந்தது.

"இருசா, எனக்குக் கம்மியாவுது," என்றாள்.

எனக்கு அத்தனை சந்தோஷம். "நல்லதுதான? உங்கம்மாகிட்ட மெழுகுவத்தி ஏத்தச் சொல்லு. சீக்கிரம் கட்டு, லாரிக்காரன் கத்தறான்," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். நான் ஏதோ வேறு பாஷையில் பேசியதுபோல. பிறகு தானாகச் சிரித்தாள். "ஏத்தணும், ஏத்தணும்," என்று சொல்லிக்கொண்டே சோகையைப் பிடித்து இழுத்தாள். நான் மறுபடியும் வெட்டப் போய்விட்டேன். பத்து அடி வெட்டியிருப்பேன். அவள் கம்மி என்று சொன்னதுதான் காதிலேயே இருந்தது. இனிமேல் ஊசிகூடத் தேவைப்படாதோ என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை திரும்பியபோது அவள் சால் நடுவில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு முழக் கரும்பு. பல்லால் பட்டையை உரிக்கப் பார்க்கிறாள். பல் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போகிறது.

ஓடிப் போய்ப் பிடுங்கினேன். "குடுறி," என்றாள். நான் தூர எறிந்தேன். அவள் முழங்காலிட்டுக்கொண்டே அடுத்த கரும்புக்குப் போனாள். நான் பின்னலைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னை ஒருநாளும் பேசாத பேச்செல்லாம் பேசினாள். குடித்தவள் பேசுவதுபோல நாக்குக் குழறியது.

"நீ யாருடி என்னக் காவல் காக்க? உன் பாதிப் பணத்துக்குத்தான காக்குற. எடுத்துக்கினு போடி உன் பணத்த."

அந்தச் சொல் என்னைச் சுட்டுவிட்டது. அந்தக் கோபத்தில் இன்னும் முரட்டுத்தனமாக இழுத்தேன். அவள் கைக்கு எட்டின கரும்பையெல்லாம் காலால் தள்ளிவிட்டேன். நான்கு ஏக்கர் கரும்புக்கு நடுவில், அவள் வாயில் ஒரு துண்டு போகாமல் நான் தடுத்துக்கொண்டிருந்தேன். என் கையைக் கடித்தாள். கடியில் பலமே இல்லை. அப்புறம் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, சோகைமேல் விழுந்துவிட்டாள். கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி சால் வழியாக வந்தார். "இன்னா, வூட்டுக்காரர் படுத்துட்டாரு?"

நான் அவளை மறைத்துக்கொண்டு நின்றேன். பொம்பளைங்க சமாச்சாரம், வயிற்றுவலி, கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவாள் என்றேன். அவர் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவர் முதுகு மறைகிற வரைக்கும் நின்றேன். அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அவளை இழுத்து வரப்பு ஓரத்து நிழலில் போட்டேன். கன்னத்தில் தட்டினேன், தண்ணீர் தெளித்தேன். ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஐப்பசியில் இப்படித்தான் நினைவு தப்பியது, ஊசி போட்டுத்தான் எழுப்பினார்கள். நான் பார்க்காதபோது கரும்பைத் தின்றிருக்கிறாள், சக்கரை ஏறிவிட்டது. ஊசி போட்டால் இறங்கிவிடும்.

கொட்டகைக்கு ஓடினேன். சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் செய்வதைத் தினம் பார்த்தவள்தானே. புட்டியைக் கவிழ்த்து, ஊசியைக் குத்தி, மருந்தை இழுத்தேன். எந்தக் கோடு வரைக்கும் என்று தெரியவில்லை. அவள் போடுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்தேன். ஜாஸ்தியாக ஏறியிருந்தால் ஜாஸ்தியாகத்தானே போட வேண்டும். பாவாடையை ஒதுக்கினேன். தொடை வேர்வையில் வழுக்கியது. துடைக்கத் துணி தேடி அந்தப் பிளாஸ்டிக் பையை உதறியபோது நோட்டு கீழே விழுந்து விரிந்துகொண்டது.

நீல மையில் எழுதின பக்கம். நடுவில் நாலு வரிக்கு மட்டும் கீழே சிவப்பு மையால் இரண்டிரண்டு கோடு போட்டிருந்தது. அந்த எழுத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் பேனாவை மாற்றி எடுத்து இரண்டு தடவை கோடு போட்டிருக்கிறார் என்றால் அது சும்மா இருக்காது என்று தெரிந்தது. ஊசி கையில் இருக்கிறது. அவள் மூச்சு குறட்டைபோல வருகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் காட்டில் இரண்டே பேர். ஒருத்தி இதோ கிடக்கிறாள். இன்னொருவர் மேஸ்திரி.

அவரிடம் நோட்டைக் கொடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "மேஸ்திரி" என்று கத்தினேன். என் குரலுக்கு லாரிமேல் நின்றவர்கள்கூடத் திரும்பிவிட்டார்கள்.

வந்தார். ஊசியைப் பார்த்தார், புட்டியைப் பார்த்தார், ரீத்தாவைப் பார்த்தார். இன்னா நோவு என்று கேட்டார். சொன்னேன். எப்பத்திலிருந்து என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. பணம் எங்கே போயிற்று என்பது அவருக்கு அந்த நிமிஷமே விளங்கியிருக்கும். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை வைத்து, மில்லிலிருந்து வரும் வெட்டுச்சீட்டைப் படிப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாகப் படித்தார்.

"கை நடுக்கம், அதிக வேர்வை, படபடப்பு, பேச்சுக் குழறுதல், மயக்கம். இவை ரத்தத்தில் சர்க்கரை கம்மியானதால் வருபவை. இது உயிருக்கு ஆபத்து. உடனே சர்க்கரை, வெல்லம், கரும்புச் சாறு, ஏதாவது ஒன்றைக் கொடுக்கவும். இந்த நேரத்தில் ஊசி போடவே கூடாது."

"தப்பாப் படிக்கிறீங்க," என்றேன்.

"நான் ஏன்மே தப்பாப் படிக்கணும்?"

"சக்கரை நோவுக்கு எவனாச்சும் சக்கரை குடுப்பானா? கம்மியானா நல்லதுன்னு நர்சம்மா சொன்னாங்க. நான் கேட்டேன், என் காதால."

"இதுல அப்படித்தான் போட்டுக்குது."

நான் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். பார்த்து என்ன செய்வது. சாலம்மாள் வந்துவிட்டாள், இன்னும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். யாருக்கும் எழுத்துத் தெரியாது. நாங்கள் ஏமாற்றிய கோபத்தில் இந்த ஆள் எதையாவது சொல்லுகிறாரோ. ஒரு கணுகூடக் கூடாது என்று அந்த அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் ரீத்தா வாயைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேஸ்திரி குனிந்து என் முகத்துக்கு நேராகச் சொன்னார். "இவ செத்தா என் பணம் போவும்மே. அதுக்காவது என்ன நம்பு."

அதைத்தான் நம்பினேன். அவர் நல்லவர் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கையை எடுத்தேன். சாலம்மாள் ஒரு கரும்பை வரப்பில் வைத்து, கத்தியின் முதுகால் நசுக்கு நசுக்கு என்று நசுக்கினாள். தன் முந்தானையை அலசி, அதில் சக்கையை வைத்து இரண்டு பேராகப் பிடித்து முறுக்கினார்கள். சாறு இறங்கியது. ஊற்றாதே, புரையேறிவிடும் என்று மேஸ்திரி அதட்டினார். நான் விரலை நனைத்து, ரீத்தாவின் கன்னத்துக்கு உள்பக்கமும் ஈறிலும் தடவினேன். மறுபடியும் நனைத்தேன், மறுபடியும் தடவினேன். லாரிக்காரன் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தான். மேஸ்திரி திரும்பிப் பார்க்கவே இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாலு கரும்பு நசுக்கிவிட்டார்கள். நான் செய்வது அவளைக் கொல்கிறதா, எழுப்புகிறதா என்று தெரியாமலேயே தடவிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் விரலை அவள் நாக்கு தேடியது. பிறகு விழுங்கினாள். கொஞ்சம் பிழிந்து உதட்டில் விட்டோம். அதையும் விழுங்கினாள். குறட்டை நின்றது. கண் என்மேல் வந்து நின்றது.

"இன்னாடி வாயெல்லாம் பிசுபிசுன்னு இருக்குது?" என்றாள்.

சாலம்மாள்தான் மூக்கைச் சிந்திக்கொண்டே, "உன் பொண்டாட்டி ஊட்டி வுட்டா, வூட்டுக்காரரே," என்றாள்.

அந்த லாரியிலேயே முன்னால் ஏற்றிக் கச்சிராயபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மேஸ்திரியும் வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வேலை செய்தால் இப்படித்தான் ஆகும், கரும்பு கொடுத்தது யார், அவர்தான் பிழைக்க வைத்தார் என்றார். நான் மேஸ்திரியைக் கை காட்டினேன். நான் இழுத்து வைத்திருந்த ஊசியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி நினைக்காதே என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் கொட்டகையில் படுத்துக்கொண்டு நான் ரீத்தாவைக் கேட்டேன். அந்தச் சிவப்புக் கோட்டை நீ படித்தாய் அல்லவா, ஏன் எனக்குச் சொல்லவில்லை. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஜாஸ்தியானாலும் சாவேன், கம்மியானாலும் சாவேன்னு சொல்லியிருந்தா, நீ என்னோட சோடி சேந்திருப்பியா?"

சேர்ந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. பணத்துக்காகத்தான் காவல் காக்கிறேன் என்று காட்டில் சொன்னாயே என்று கேட்டேன். அப்படிச் சொன்னது அவளுக்கு நினைவே இல்லை.

மறுநாள் காலை மேஸ்திரி எல்லாரையும் கூப்பிட்டுவிட்டு, கணக்கு நோட்டோடும் மைப்பெட்டியோடும் கட்டிலில் உட்கார்ந்தார். எங்களை முன்னால் நிறுத்தினார். நோவுக்காரியை வைத்து வேலை வாங்கினேன் என்ற பேர் எனக்கு வேண்டாம், நாளைக்கு இது என் கொட்டகையில் செத்தால் போலீசுக்கு யார் பதில் சொல்வது, இன்றைக்கே ஊருக்குப் போய்விடுங்கள் என்றார். பாக்கி என்று இழுத்தேன்.

"பாக்கி பைசல். நான் வுட்டுட்டேன். ரெண்டு பேரும் இதுல கைநாட்டு வெச்சுட்டுக் கெளம்புங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. நேற்று உசிரையும் காப்பாற்றி, இன்றைக்குப் பணத்தையும் விட்டுவிட்டாரே என்று சாலம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. கட்டை விரலை மையில் அழுத்தி, நோட்டுக்குக் கொண்டு போனேன்.

ரீத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் குனிந்து தலைகீழாகவே நோட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியும் என்பது மேஸ்திரிக்குத் தெரியாது.

"மேஸ்திரி, அதப் படிச்சிக் காட்டுங்க," என்றாள்.

"அதான் சொன்னனே. பைசல்னு."

"படிச்சிக் காட்டுங்க. நேத்து எனக்குன்னு சத்தமாப் படிச்சீங்களாமே, வெரல வெச்சி, ஒவ்வொரு வார்த்தையா. இதையும் அப்படியே படிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அவர் கண்ணாடியை எடுத்தார். மாட்டிக்கொண்டார். நோட்டைத் தன் பக்கமாகச் சாய்த்தார். ரீத்தாவும் கூடவே சாய்ந்தாள்.

வேண்டாம், அவர்தான் உன்னைக் காப்பாற்றினார் என்று நான் அவள் காதில் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தவே இல்லை. "காப்பாத்துனாரு. அதுக்கு ஆயுசுக்கும் கும்புடுவேன். பாக்கிக்கு ஈடா எங்கம்மா வூட்டு மனைய எழுதித் தரோம்னு இதுல போட்டுக்குது, அதுக்குக் கைநாட்டு வெக்க மாட்டேன்."

மனை என்றதும் எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் காலை வெளிச்சம் கண்ணில் குத்துகிறது, எழுத்துச் சரியாகத் தெரியவில்லை என்றார்.

"நேத்துத் தெரிஞ்சுதே," என்றாள் சாலம்மாள்.

யாரும் கலைந்து போகவில்லை. மேஸ்திரிக்கும் மேலே பணம் போட்ட ஒருவன் இருக்கிறான், அவனுக்கு இவர் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மேஸ்திரி பேனாவை எடுத்து, எழுதியிருந்ததன்மேல் நீளமாக இரண்டு கோடு இழுத்தார். கீழே புதிதாக எழுதினார். எழுதிவிட்டு நோட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

ரீத்தா படித்தாள். அவசரப்படாமல், விரலை வைத்து, நானும் பார்க்கிற மாதிரி.

"இருசம்மாள், ரீத்தா சோடி. பாக்கி இரண்டாயிரத்து நானூற்று எழுபது. தள்ளுபடி. பைசல்."

"இன்னொரு தரம் படி," என்றேன்.

படித்தாள். என் விரலில் மை காய்ந்துபோயிருந்தது. மறுபடியும் பெட்டியில் அழுத்தி, அவள் காட்டின இடத்தில் வைத்தேன்.